குளிரில் கறுத்த பூப்பேன்

'கண்ணாடி' அக்காவிடம் எதுவும் செத்த பிறகுதான் வந்து சேரும். விரல் நீளக் குப்பி, அதில் பாதி ஸ்பிரிட், ஸ்பிரிட்டின் அடியில் தூசி மாதிரி சில துணுக்குகள், கூடவே பென்சிலால் இடமும் தேதியும் எழுதிய ஒரு காகிதத் துண்டு. அவள் குப்பியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். தூசி எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடியும் அடியில் படியும். "வாங்க, உக்காருங்க" என்பாள். அந்த அறையில் அவள் பேசுவது பெரும்பாலும் அவற்றோடுதான்.

அவை பூப்பேன்கள். இலைப்பேன் வகையில், இலையை விட்டுவிட்டுப் பூவுக்குள் குடியேறியவை. எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உடம்பு. அதற்குள் ஆறு கால், நாலு இறக்கை. இறக்கை என்று பெயர்தான். பார்த்தால் மெல்லிய குச்சி ஒன்று, அதன் இரண்டு ஓரமும் சீப்புப் பல் மாதிரி மயிர். அந்தச் சீப்பை வைத்துக்கொண்டு அது எப்படிப் பறக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பறக்கிறது, அவ்வளவுதான்.

அவற்றைக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைப்பது அவள் வேலை. கண்ணாடி என்ற பெயரும் அதனால் வந்ததுதான். முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கிற மகரந்தமும் சதையும் கரைந்து தோல் மட்டும் நிற்கும். பிறகு தண்ணீர், பிறகு படிப்படியாக ஸ்பிரிட், பிறகு கிராம்பு எண்ணெய், கடைசியில் பிசின். மயிரை விட மெல்லிய ஊசியால் இறக்கையை விரித்து, உணர்கொம்பை நேராக்கி, கால்களை அகற்றி வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை இறக்க வேண்டும். தும்மினால் பூச்சி போயிற்று. இதில் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது காஸ்டிக்கை. குறைவாக ஊறினால் உள்ளே இருட்டு, ஒன்றும் தெரியாது. அதிகமாக ஊறினால் நிறம் போய், மயிர் உதிர்ந்து, கழற்றிப்போட்ட சட்டை மாதிரி வெறும் தோல் மிஞ்சும். ஒரு பூப்பேனை இன்னது என்று சொல்வதே நிறத்தையும் மயிரையும் வைத்துத்தான். அவை இரண்டும் போனால் அது எதுவாகவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

அவள் வேலை பார்த்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பூப்பெட்டிகள் வந்து இறங்கும். சுற்றுவட்டாரத்துப் பிளாஸ்டிக் கூடாரங்களில் வளர்ந்த ரோஜாக்கள், விமானம் ஏறுவதற்கு முன்னால் பூச்சிச் சோதனைக்காக அங்கே நிறுத்தப்படும். வெள்ளைத் தட்டின் மேல் பூவைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். தட்டில் ஏதாவது ஓடினால் மேல்மாடிக்கு அனுப்புவார்கள். மேல்மாடியில் மூன்று அறைகள். ஒன்று அதிகாரியினுடையது, ஒன்று அவளுடையது, மூன்றாவது அலமாரி அறை. தகடுகளெல்லாம் அங்கே மெல்லிய இழுப்பறைகளில் வரிசையாகப் படுத்திருக்கும். பிசின் இளகக் கூடாது என்பதற்காக அந்த அறையில் எந்நேரமும் ஏ.சி. ஓடும். உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த அறையின் ஓர் இழுப்பறையில், சிவப்பு வட்டம் ஒட்டிய ஒரு தகட்டில், அவள் தங்கையின் பெயர் இருந்தது.

தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். அக்கா உட்கார்ந்து செய்கிற வேலை, தங்கை அலைந்து செய்கிற வேலை. கையில் வெள்ளைத் தட்டும் குச்சியும் எடுத்துக்கொண்டு, சாலையோரம், மேடு, பள்ளம் எங்கே பூ கண்டாலும் தட்டிப் பார்ப்பாள். ஆள் அரைப்படிதான் இருப்பாள். அதனால் வீட்டில் கடுகு. ஆபீசிலும் கடுகு. குளிர்காலம் ஒன்றில் மலைச்சாலையின் உச்சிவரை போய், அங்கே கல்லிடுக்கில் பூத்திருந்த ஒரு மஞ்சள் பூவிலிருந்து ஒரு குப்பி நிறையக் கறுத்த பூப்பேன்களைக் கொண்டுவந்தாள். வரும்போதே நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். சளி மார்பில் இறங்கிற்று. மார்பிலிருந்து நுரையீரலுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அக்காவிடம், "அந்தக் குப்பியை மறந்துடாத, மூடி சரியா இல்ல, ஸ்பிரிட் ஆவியாயிடும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் காய்ச்சல் பேசியது.

அவள் போன பிறகு அக்கா அந்தக் குப்பியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கவைத்தாள். அப்போதிருந்த பெரிய அதிகாரி தகடுகளை நுண்நோக்கியில் வைத்துப் பல நாள் பார்த்தார். உடம்பு கரும்பழுப்பு, கழுத்து மயிர் நீளம், இதுவரை யாரும் சொல்லாத இனம் என்றார். பெயர் வைக்க வேண்டிய இடத்தில், லத்தீன் வாலோடு சேர்த்து, கடுகு என்ற பெயரையே வைத்தார். ஒரு தகட்டில் சிவப்பு வட்டம் ஒட்டினார். "இனிமே உலகத்துல யார் இந்தப் பேரைச் சொன்னாலும், இந்த ஒரு உடம்பைத்தான் சொல்றாங்கன்னு அர்த்தம்மா" என்றார். அவரும் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவளைத் தவிர, இந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்கியவர். சின்ன மகள் செத்த வருஷம் அந்த லிப்டில் ஏறிய யாருக்கும் தப்பிக்க வழியில்லை. கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் சொல்லத் தொடங்குவார். "என் சின்னப் பொண்ணு பேர்ல ஒரு உயிர் இருக்கு, தெரியுமா சார்?" நாலாவது மாடிக்குப் போக வேண்டியவர்களை அந்தப் பேச்சு முடிவதற்காக ஏழாவது மாடிவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார் என்று புகார்கூட வந்தது.

இப்போது அவர் வீட்டோடு இருந்தார். பக்கவாதம் வந்து முகத்தின் வலது பாதி தொங்கிவிட்டது. ஞாபகமும் ஓட்டைச் சட்டி. காலையில் குளித்தது மதியம் நினைவிருக்காது. பக்கத்து வீட்டு அம்மா பகலில் ஒரு கண் வைத்துக்கொள்வாள். மாலையில் மகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்தே தொடங்குவார்.

"வந்துட்டியா பெரிசு? பேன் பார்த்து முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"ஊர்ல அவனவன் ஓசியில பேன் பார்க்கிறான். உனக்கு மட்டும் ஆபீஸ் வச்சு சம்பளம் குடுக்கிறான்."

அவள் சோற்றைக் குழைத்து ஊட்டுவாள். இடது பக்கமாகவே மெல்லுவார். பூப்பேனுக்கும் வாயில் இடது தாடை மட்டும்தான் உண்டு. வலது தாடை முட்டைக்குள்ளேயே கரைந்துபோய்விடும். பக்கவாதம் வந்த புதிதில், ஏதாவது பேச வேண்டுமே என்று அவள் இதைச் சொன்னாள். அவர் மென்று விழுங்கிவிட்டு, "அப்ப நானும் உன் இலாகாவுக்கு வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லு" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

சாப்பாடு முடிந்து வாயைத் துடைத்துவிட்டதும் அடுத்த கேள்வி வரும். எல்லாவற்றையும் மறந்தவர் இதை மட்டும் மறந்ததில்லை.

"கடுகுப் பூச்சி சௌக்கியமா?"

"சௌக்கியம்பா."

"பத்திரமா வச்சிருக்காங்களா?"

"பூட்டி வச்சிருக்காங்க."

அதற்குப் பிறகுதான் தூங்குவார்.

புது அதிகாரி வந்தது வெயில் காலத்தில். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பல தேசங்களில் படித்து, பல பேருடைய அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்த பெண். ஓரிடத்தில் உட்காரமாட்டாள், ஆனால் கெட்டிக்காரி. குளிர் தொடங்கியதும் ரோஜாப் பெட்டிகளில் கறுத்த பூப்பேன்கள் தென்பட ஆரம்பித்தன. இதுவரை மலை உச்சியில் இருந்தது கீழே கூடாரங்களுக்குள்ளேயே வந்துவிட்டதா என்று எல்லோருக்கும் கலக்கம். பூ வாங்குகிற தேசங்கள் சாதாரண மஞ்சள் பூப்பேனை நீண்ட காலமாகத் தெரிந்து வைத்திருந்தன. அது இரண்டொன்று இருந்தால் மருந்துப் புகை போட்டு அனுப்பலாம். கடுகின் பெயருள்ள கறுப்புப் பூப்பேனை அவற்றுக்குத் தெரியாது. தெரியாத பூச்சி இருக்கிற பெட்டி அப்படியே நெருப்புக்குப் போக வேண்டும்.

புது அதிகாரி ஒரு பிற்பகலில் அக்காவின் அறைக்கு வந்து மேஜை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் கறுப்பும் அந்த மஞ்சளும் ஒரே பூச்சின்னு எனக்குத் தோணுது."

"எப்படி மேடம்? அது கோதுமை நிறம், இது காப்பிக்கொட்டை."

"பூப்பேன் குளிர்ல வளர்ந்தா கறுத்துப் போகும். உடம்பும் பெருசாகும், மயிரும் நீளும். வேற சில இனத்துல பார்த்திருக்காங்க. இதுல யாரும் வளர்த்துப் பார்க்கல. பெரியவர் செத்ததை மட்டும்தானே பார்த்தாரு."

அக்கா ஊசி முனையைத் துணியில் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த ஊசிதான்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மஞ்சள் தாயைப் பிடிச்சு முட்டையிட வைப்பேன். குஞ்சுகள்ல பாதி வெதுவெதுப்பான பெட்டியில, பாதி குளிர்பெட்டியில. குளிர்ல வளர்ந்தது கறுப்பா, நீள மயிரோட வந்துச்சுன்னா முடிஞ்சுது. நீங்க நல்லாப் படுக்கவச்சுக் குடுங்க, சிவப்பு வட்டத்தோட பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்."

"ஒண்ணுன்னு ஆச்சுன்னா?"

"மஞ்சளுக்கு ரொம்ப முன்னாடியே பேரு வச்சாச்சு. மூத்த பேருதான் நிக்கும். இது அதுக்குள்ள அடங்கிடும்."

"அடங்கும்னா?"

"அப்படி ஒரு இனமே தனியா இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி இறங்கிப் போனாள். அந்தப் பெயர் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரிடமாவது வேலையைக் கொடுத்துவிடுவாள், கெஞ்சுவது போலவும் ஆகும் என்று நினைத்தாள்.

குளிர் ஏற ஏற அப்பாவுக்கு மூச்சு ஏறவில்லை. டாக்டர் காதில் மாட்டிய கருவியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டே, "இந்தக் குளிரைத் தாண்டறது கஷ்டம்மா. வேண்டியவங்களுக்குச் சொல்லி வச்சுக்கங்க" என்றார். சொல்லிவைக்க யாரும் இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மனசில் ஒரே ஒரு விஷயம்தான் தெளிவாக இருந்தது. அப்பா போகும்வரை அந்தப் பெயர் நிற்க வேண்டும். பிறகு எது எதற்குள் அடங்கினாலும் கவலையில்லை.

முதல் தொகுதி ஒரு சனிக்கிழமை அவள் மேஜைக்கு வந்தது. குளிர்பெட்டியில் பிறந்து வளர்ந்தவை, குப்பியின் அடியில் மிளகுத்தூள் மாதிரி கிடந்தன. அவள் சுண்டினாள். "வாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து காஸ்டிக்கை எடுத்துக் கரைத்தாள். வழக்கத்தை விடக் கெட்டியாக. பூச்சிகளை அதில் இறக்கினாள். கிண்ணத்தைச் சூடான விளக்கின் பக்கத்தில் தள்ளி வைத்தாள். கை தவறவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கிண்ணத்தில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. சாய்த்துப் பார்த்தால்தான் தோல்கள் தெரிந்தன. நிறமும் இல்லை, மயிரும் இல்லை.

அதிகாரி நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எல்லாமேவா?"

"எல்லாமே."

"உங்க கையிலயா அக்கா இப்படி?"

"என் கையிலதான்."

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பாவுக்கு முடியலைன்னு கீழ சொன்னாங்க. லீவு போட்டிருக்கலாமே. பரவாயில்ல விடுங்க, மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் எந்தத் தேசமும் ஏற்றுக்கொள்ளாது; தகடு வேண்டும். குளிர்பெட்டியில் ஒரு பூப்பேன் முட்டையிலிருந்து இறக்கை முளைத்து வெளியே வர, வெயிலில் ஆகிற நாளைப் போலப் பல மடங்கு ஆகும். அக்காவுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது.

கட்டடத்தின் பின்பக்கம் நெருப்பு எரிந்தது. முன்பு எப்போதாவது எரியும், இப்போது தினமும். பெட்டியோடு ரோஜாக்கள் உள்ளே போகும். எரிகிற பூவுக்கு வாசனையே இல்லை, ஈரத்துணி கருகுகிற நாற்றம்தான். அவள் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒரு நாள் டீ எடுக்கக் கீழே போனபோது, ரோஜாக்காரர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நாலைந்து கூடாரம் வைத்திருப்பவர், அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

"என்னக்கா, மேல இருந்து வேடிக்கை நல்லாத் தெரியுதா?"

"ஏன் அண்ணே அப்படிச் சொல்றீங்க."

"வேற என்ன சொல்ல. பதினைஞ்சு பேரு என்கிட்ட வேலை பார்த்தாங்க. நேத்து பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேன். அனுப்பிட்டு நான் எங்க போறதுன்னு தெரியாம இங்க வந்து உக்காந்திருக்கேன்." காகிதக் கோப்பையைக் கசக்கினார். "அதுக்குப் பேரு கடுகாம். எவனோ பெரிய மனுஷன் வச்சானாம். கடுகை வச்சு என்ன, தாளிக்கவா போறாங்க?"

"அது ஒரு ஆளோட பேரு."

"இருக்கட்டும். எந்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்."

"செத்துப் போயாச்சு."

"அப்ப அவருக்கு என்ன நஷ்டம்" என்றார் ரோஜாக்காரர். வம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அவள் டீயை எடுக்காமலே மேலே வந்தாள்.

அந்த வாரங்களில் அவள் இரண்டு இடங்களுக்கு நடுவில் வாழ்ந்தாள். காலையில் ஆபீசுக்கு வந்ததும் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் முகத்தை வைத்துப் பார்ப்பாள். தாய்ப்பூச்சி இதழைக் கீறி முட்டையை உள்ளே செருகியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு வெளிறிய குஞ்சுகள், இறக்கை இல்லாமல், இதழ் மடிப்பில் மேய்ந்துகொண்டிருக்கும். தின்று கொழுத்ததும் பூவிலிருந்து விழுந்து அடியில் வைத்திருக்கும் மணலுக்குள் இறங்கும். அங்கே தின்னாமல், அசையாமல், இறக்கை மொட்டுக்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். குளிர் நிறத்தை ஏற்றுவது அங்கேதான் என்று அதிகாரி சொல்லியிருந்தாள். மாலையில் வீட்டுக்குப் போனதும் அப்பாவின் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே அடுப்பில் ஏதோ கொதிப்பது போலச் சத்தம்.

அவர் போகவில்லை. டாக்டர் சொன்னதற்கு மாறாக, நடுக்குளிரில் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து சவரம் செய்துவிடச் சொன்னார். அடுத்த நாள் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "பொழச்சுக்கிட்டாரு போ. உன் கை ராசி" என்றாள். அக்கா சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் புது ரத்த ஓட்டம். அவள் கட்டில் பக்கத்தில் கைப்பையோடு நின்றுகொண்டு, இந்நேரம் எல்லாம் மணலுக்குள் இறங்கியிருக்கும், சீக்கிரம் வெளியே வந்துவிடும், இவர் முந்திக்கொள்ள வேண்டுமே என்று நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான் அந்த நினைப்பின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. தினமும் காதை மார்பில் வைத்து எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் புரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா கண் திறந்து, "ஆபீஸ் போகல?" என்றார். "போறேன்பா" என்று சொன்னாளே தவிர, எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இரண்டாவது தொகுதி வந்தபோது காஸ்டிக்கை அளந்து கரைத்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. கிண்ணத்தின் முன்னாலேயே இருந்தாள். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்தாள். தண்ணீர், ஸ்பிரிட், கிராம்பு எண்ணெய். ஒவ்வொன்றையும் மல்லாக்கப் போட்டு, திருப்பி, கால் அகற்றி, இறக்கைச் சீப்பை விரித்து, வில்லையை இறக்கினாள். வாழ்க்கையில் அவள் படுக்கவைத்ததிலேயே அழகாகப் படுத்தவை அவைதான். ஒன்றில்கூடக் காற்றுக்குமிழி இல்லை.

பிசின் உலர்ந்ததும் அதிகாரி அலமாரி அறையிலிருந்து சிவப்பு வட்டத் தகட்டைக் கொண்டுவந்தாள். இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளி, "நீங்களும் பாருங்கக்கா" என்றாள்.

அக்கா பார்த்தாள். கரும்பழுப்பு உடம்பு, கழுத்தின் இரண்டு பக்கமும் நீள மயிர். தகட்டை மாற்றினாள். அதே உடம்பு, அதே மயிர். எது மலை உச்சியிலிருந்து வந்தது, எது மஞ்சள் தாய்க்குக் குளிர்பெட்டியில் பிறந்தது என்று ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அது என் தங்கச்சி."

"எது?"

"அந்தப் பேரு. கடுகுங்கிறது என் தங்கச்சி. அந்தக் குப்பியைக் கொண்டுவந்துட்டுத்தான் படுத்தா."

ஏ.சி. ஓடுகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது.

"அப்ப அந்த முதல் தொகுதி..."

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா வேற யாரையாவது பண்ணச் சொல்லியிருப்பேனே அக்கா."

"வேற யாரு பண்றது? இறக்கையை ஒட்டவச்சுடுவாங்க."

அதிகாரி ஜன்னல் வழியாக நெருப்பைப் பார்த்தாள். எவ்வளவு பெட்டி எரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "என்னால பேரைக் காப்பாத்த முடியாதுக்கா" என்றாள்.

"நான் கேட்கலையே."

"தகட்டை எடுக்க மாட்டோம். அந்தச் சிவப்பு வட்டம் அப்படியே இருக்கும். பழைய சீட்டைக் கிழிக்கவும் கூடாது, அதுதான் முறை. பக்கத்துல இன்னொரு சீட்டு ஒட்டணும், இது இன்னதுதான்னு."

"நானே எழுதறேன். உங்க கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

எழுதினாள். மஞ்சள் பூப்பேனின் பழைய பெயரை, கறுப்பு மையில், சின்ன எழுத்தில், இடம் பற்றாமல் போகாதபடி அளவு பார்த்து எழுதி, தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சில நாட்களில் பின்பக்கத்து நெருப்பு அணைந்தது. ரோஜாக்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "பூச்சி நம்ம பழைய பூச்சிதானாமே, இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றார். அவர் அனுப்பிய ஆட்களில் சிலர் வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம், இனி வரமாட்டார்களாம். அவள் தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனாள்.

அன்று மாலை ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டாள். கேள்வி வந்தது.

"கடுகுப் பூச்சி சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காகத்தான் இவர் செத்தால் நல்லது என்று அவள் காத்திருந்தாள். அந்த வார்த்தையை இனி அவளால் வாயில் வைக்க முடியவில்லை.

"அப்பா, அது தனிப் பூச்சி இல்லையாம்."

"இல்லையாமா?"

"சாதாரண மஞ்சள் பூச்சிதானாம். குளிர்ல வளர்ந்ததால கறுத்துப் போயிருக்கு. பெரியவருக்கு அப்பத் தெரியல. இப்ப அதுக்குப் பழைய பேருதான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தின் இடது பாதி மட்டும் ஒரு தடவை அசைந்தது.

"யாரு கண்டுபிடிச்சா?"

"புது மேடம். நான்தான் படுக்கவச்சுக் குடுத்தேன்."

"நல்லாப் படுக்கவச்சியா?"

"நல்லா வச்சேன்பா."

"ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் மறந்திருப்பார் என்று அவள் நம்பினாள். குளித்தது மறந்தது. சாப்பிட்டது மறந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை யார் என்று கேட்டார். மாலையில் செருப்புச் சத்தம் கேட்டதும், "பேன் பார்த்து முடிஞ்சுதா?" என்றார். அவள் ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். துண்டை மடித்துக்கொண்டே நின்றாள். கேள்வி வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை என்று இமையைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஓட்டைச் சட்டியில் எல்லாம் ஒழுகிப்போனது. இது மட்டும் தங்கிவிட்டது. பேன் ஜோக்கும் ஒரு நாள் நின்றது. வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் இருந்தது. இடது பக்கமாக மெல்லுவார், விழுங்குவார், சுவரைப் பார்ப்பார். பூப்பேன் மணலுக்குள் கிடக்கிற மாதிரி கிடக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அது வெளியே வரும், இவர் வரமாட்டார்.

குளிர் முடிகிற சமயத்தில் ஒரு மாலை. அவள் விளக்கைப் போட்டுவிட்டு, கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தாங்க முடியாமல், கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொன்னாள்.

"அப்பா, அவ அங்கதான் இருக்கா. அதே டிராயர்ல. பேரைக் கிழிக்கல. பக்கத்துல இன்னொரு சீட்டுதான் ஒட்டியிருக்கு."

தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

"பெரிசு."

"என்னப்பா?"

"அந்த ரூம் குளிருமா?"

அன்று காலைகூட அவள் அந்த அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள். இழுப்பறையின் கைப்பிடி விரலில் ஒட்டுகிற மாதிரி சில்லென்று இருந்தது.

"இல்லப்பா" என்றாள். "இதமா இருக்கும்."

அவர் கண்ணை மூடினார். அவள் விளக்கை அணைத்தாள்.